மூளை–கணினி இணைப்பு: கருவி படிப்பது எண்ணத்தையா, முயற்சியையா?

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத ஒருவர் கணினியில் சதுரங்கம் ஆடுகிறார். நோயால் பேச்சு குழறிப்போன இன்னொருவர், நோய் வருவதற்கு முன்பிருந்த தன் குரலிலேயே கணினி வழியாக வீட்டாரோடு பேசுகிறார். இரண்டும் கடந்த சில ஆண்டுகளில் உண்மையாகவே நடந்தவை. இரண்டுக்கும் பின்னால் இருப்பது, மூளையின் மின்துடிப்புகளைப் படித்துக் கணினியை இயக்கும் மூளை–கணினி இணைப்பு என்ற தொழில்நுட்பம்.

நான் நரம்பியல் ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ நாம மனசுல நினைக்கிறதை எல்லாம் மிஷின் படிச்சிடுமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தக் கருவிகள் இதுவரை படித்திருப்பது பெரும்பாலும் முயற்சியை. கையை நீட்ட, விரலை மடக்க, உதட்டைக் குவிக்க மூளை எடுக்கும் முயற்சியை. அந்த முயற்சி தசை வரை போய்ச் சேரவில்லை என்றாலும் மூளைக்குள் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், செய்தியில் வரும் பரபரப்பில் எதை நம்பலாம், எதற்கு நிஜமாகவே கவலைப்பட வேண்டும் என்பது தானாக விளங்க ஆரம்பிக்கும்.

மின்சாரத்தில் ஆரம்பிப்போம்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள், இருக்கின்றன. ஒவ்வொன்றும் உப்புக்கரைசலில் மிதக்கும் ஒரு செல். சும்மா இருக்கும்போது அதன் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். மற்ற நியூரான்களிடமிருந்து போதுமான தூண்டல் வந்தால், செல்சவ்வில் உள்ள சின்னஞ்சிறு வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும். மின்னழுத்தம் சட்டென்று ஏறி உடனே இறங்கிவிடும். இத்தனையும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். இதுதான் நரம்புத் துடிப்பு. ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேயர்கள் கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்து இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது 1952இல். அதற்காக 1963இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

நியூரான் துடிப்பைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது எளிது. மூளைக்குள் இருக்கும் மெல்லிய மின்முனையை (எலக்ட்ரோடு) பெருக்கியோடு சேர்த்து ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால், சரசரவென்ற இரைச்சல் கேட்கும். மின்முனை ஒரு நியூரானை நெருங்க நெருங்க, அந்த இரைச்சலுக்கு நடுவிலிருந்து "டக்… டக்டக்… டக்" என்று தனியாக ஒரு சத்தம் எழும். ஒவ்வொரு "டக்"கும் ஒரே ஒரு செல்லின் ஒரே ஒரு துடிப்பு. முதன்முறை கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். நரம்பியல் ஆய்வுக்கூடங்களில் இன்றும் திரையைப் பார்த்துக்கொண்டே காதையும் தீட்டி வைத்திருப்பார்கள்.

மூளையின் மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்தும் அளக்கலாம். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924இல் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து மூளை அலைகளைப் பதிவு செய்தார். நாம் இன்று ஈஈஜி என்று சொல்வது அதைத்தான். வலிப்பு நோயைக் கண்டறியவும் தூக்கத்தை ஆராயவும் அது இன்றுவரை அருமையான கருவி. ஆனால் மண்டையோடும் தோலும் குறுக்கே இருப்பதால், பல லட்சம் நியூரான்களின் மின்சாரம் கலந்து மங்கலாகித்தான் வெளியே வரும். சந்தையில் தலைப்பட்டை மாதிரி விற்கும் கருவிகள் எண்ணத்தைப் படிப்பதாக விளம்பரம் வந்தால், நம்புவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். விரலை எந்தப் பக்கம் அசைக்கப் பார்க்கிறார் என்ற அளவுக்கு நுட்பமாகவும் நம்பகமாகவும் தெரிய வேண்டுமென்றால், மின்முனை மூளையின் மேலேயோ உள்ளேயோ இருந்தாக வேண்டும்.

எந்த நியூரான் எந்தத் திசைக்கு?

காதுக்கு மேலிருந்து உச்சந்தலை வரை ஒரு பட்டை போல ஓடுகிறது இயக்கப் புறணி. உடம்பை அசைப்பதற்கான கட்டளைகள் பெருமளவு இங்கிருந்துதான் கிளம்புகின்றன. இடப்பக்க மூளை வலப்பக்க உடம்பையும், வலப்பக்க மூளை இடப்பக்க உடம்பையும் இயக்கும்.

1969இல் எபர்ஹார்ட் ஃபெட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்கின் இயக்கப் புறணியில் ஒரே ஒரு நியூரானின் துடிப்பை எடுத்து, அதை ஒரு மீட்டரின் முள்ளோடு இணைத்தார். நியூரான் வேகமாகத் துடித்தால் முள் நகரும், முள் எல்லையைத் தொட்டால் குரங்குக்குத் தீனி கிடைக்கும். கொஞ்ச நேரத்திலேயே குரங்கு அந்த ஒற்றை நியூரானின் வேகத்தைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றக் கற்றுக்கொண்டது! இந்தத் துறையின் விதை இந்தச் சோதனையில் இருக்கிறது என்பது என் எண்ணம். கருவி மூளையைக் கற்கிறது என்று மட்டும்தான் பலர் நினைக்கிறார்கள். மூளையும் கருவியைக் கற்றுக்கொள்கிறது என்பதை ஃபெட்ஸ் அப்போதே காட்டிவிட்டார்.

ஆனால் ஒரு நியூரானை வைத்துக் கையின் போக்கைச் சொல்லிவிட முடியாது. 1980களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அபோஸ்டோலோஸ் ஜியார்ஜோபோலோஸ் கண்டது இது: ஒவ்வொரு நியூரானுக்கும் பிடித்தமான ஒரு திசை இருக்கிறது. கை அந்தத் திசையில் போகும்போது அது மிக வேகமாகத் துடிக்கும், திசை விலக விலக வேகம் படிப்படியாகக் குறையும். தேர்வடத்தைப் பிடித்து இழுக்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் கொஞ்சம் முன்னும் பின்னும், இடமும் வலமுமாகத்தான் இழுப்பார்கள். யாரோ ஒருவரை மட்டும் பார்த்துத் தேர் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. எல்லோருடைய இழுப்பையும் கூட்டினால் சொல்லிவிடலாம். ஜியார்ஜோபோலோஸ் நியூரான்களை அப்படிக் கூட்டினார். நூற்றுக்கணக்கான நியூரான்களின் திசைகளை, அவை துடிக்கும் வேகத்துக்கேற்ப எடை கொடுத்துக் கூட்டியபோது, கை போகும் திசை கிடைத்துவிட்டது. இன்றைய கணக்குமுறைகள் இதைவிடப் பல மடங்கு நுட்பமானவை. அடிப்படை இதேதான்.

கை அசையாவிட்டாலும்

அடுத்த கேள்வி: கை பல வருடங்களாக அசையவே இல்லையென்றால், மூளையில் கைக்கான பகுதி இன்னும் வேலை செய்யுமா?

2001இல் கத்திக்குத்தில் தண்டுவடம் அறுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் மேத்யூ நேகிள் என்ற அமெரிக்க இளைஞர். 2004இல் பிரெயின்கேட் ஆய்வுக் குழு அவருடைய இயக்கப் புறணியில் ஒரு சிலிக்கான் தகட்டைப் பொருத்தியது. நான்கு மில்லிமீட்டருக்கு நான்கு மில்லிமீட்டர் சதுரத்தில் நூறு குட்டி ஊசிகள், அதில் 96 பதிவு செய்யக்கூடியவை. யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் வடிவமைத்ததால் யூட்டா தகடு என்றே பெயர். மூன்று வருடமாகக் கையிலிருந்து எந்தச் சேதியும் வராத அந்த மூளையில், கையை அசைப்பதாக அவர் கற்பனை செய்ததும் நியூரான்கள் துடித்தன. அவர் திரையில் அம்புக்குறியை நகர்த்தினார், மின்னஞ்சலைத் திறந்தார், செயற்கைக் கையை மூடித் திறந்தார். முடிவுகள் 2006இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியாயின.

இங்கே நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்ட பிறகும் கை இருப்பதாகவே உணர்கிறவர்களை 1990களில் ஆராய்ந்தார். அவர்களில் சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொடுவதுபோல இருந்தது. மூளையில் கைக்கான இடத்தை, பக்கத்தில் உள்ள முகத்துக்கான இடம் எடுத்துக்கொண்டுவிட்டது என்று அவர் விளக்கினார். அழகான விளக்கம். நீண்டகாலம் பாடப்புத்தக உண்மையாகவும் இருந்தது. ஆனால் 2025இல் வந்த ஓர் ஆய்வில், கையை அகற்றும் அறுவைசிகிச்சைக்கு முன்பும் பின்பும் மூன்று பேரின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். மூளையில் கைக்கான வரைபடம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. முதலில் சொன்னவர் பெரிய ஆளாக இருந்தாலும் புதிய தரவு வந்தால் மறுபடி திறந்து பார்ப்பது இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மூளை–கணினி இணைப்புக்கு இது நல்ல செய்தியும்கூட. கை போனாலும் வரைபடம் இருக்கிறது.

சரி, கணினிக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்? திரையில் ஒரு புள்ளி தோன்றும். முதலில் கணினியே அம்புக்குறியை அந்தப் புள்ளிக்கு நகர்த்தும். நோயாளி தானே அதைக் கையால் நகர்த்துவதுபோல முயன்றுகொண்டிருப்பார். ஒவ்வொரு மின்முனையிலும் எத்தனை துடிப்பு என்பதைக் கணினி நொடிக்குப் பல முறை எண்ணிக்கொள்ளும். "அம்புக்குறி வலப்பக்கம் போனபோது இந்த மின்முனைகளில் துடிப்பு கூடியது, மேலே போனபோது வேறு சில மின்முனைகளில்" என்று ஜோடி ஜோடியாகத் தரவு சேரும். அப்புறம் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நோயாளியிடம் விடுவார்கள். ஆரம்பத்தில் அம்புக்குறி தள்ளாடும், புள்ளியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்து அவர் திருத்துகிற திருத்தமும் கணினிக்குப் பாடம்தான். அடுத்த நாள் மின்முனை ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும், மறுபடி சரிபார்க்க வேண்டும்.

எழுத்தும் பேச்சும்

அம்புக்குறியை எழுத்து எழுத்தாகக் கொண்டுபோய்த் தட்டச்சு செய்வது மெதுவான வேலை. 2021இல் ஸ்டான்ஃபோர்டு குழு வேறு வழியில் போனது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவரிடம், கையில் பேனா இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுத முயலச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 90 எழுத்துகள் வந்தன. அவர் வயதுக்காரர்கள் கைபேசியில் தட்டும் வேகத்துக்கு இது ரொம்பப் பின்தங்கியதில்லை. நேர்கோட்டில் அம்புக்குறியை நகர்த்துவதைவிட, வளைந்து நெளிந்து எழுதுவது ஏன் வேகமாக இருக்கிறது? ஒவ்வொரு எழுத்துக்கும் கை போகும் பாதை தனித்தனி, அதனால் மூளையில் எழும் வடிவமும் தனித்தனி. கணினிக்கு ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது எளிதாகிறது.

பேச்சு இன்னும் வியப்பானது. பேசுவதும் உடம்பை அசைப்பதுதான். பள்ளியில் எழுத்துகளின் பிறப்பு என்று படித்திருப்போம்: "ப", "ம" இரண்டுக்கும் உதடுகள் ஒட்ட வேண்டும், "த"வுக்கு நாக்கு நுனி பல்லைத் தொட வேண்டும். உதடு, நாக்கு, தாடை, குரல்வளை எல்லாவற்றுக்கும் இயக்கப் புறணியில் இடம் உண்டு. அங்கே மின்முனைகளை வைத்தால், ஒருவர் எந்த ஒலியைச் சொல்ல முயல்கிறார் என்று கணிக்கலாம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2023இல் 45 வயது ஏஎல்எஸ் நோயாளி ஒருவருக்கு 256 மின்முனைகள் பொருத்தப்பட்டன. ஏஎல்எஸ் என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். அவர் பேச முயல்வார். கணினி 80 மில்லிநொடிக்கு ஒருமுறை "இப்போது வந்தது எந்த ஒலி?" என்று கணிக்கும். ஆங்கிலத்துக்கு 39 அடிப்படை ஒலிகள். அந்த ஒலிவரிசையை, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணிக்கும் மென்பொருளான மொழி மாதிரி (லாங்வேஜ் மாடல்) ஒன்று வாங்கி, 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியிலிருந்து பொருத்தமான வாக்கியமாக்கும். முதல் நாள் 50 சொற்களோடு ஆரம்பித்தார்கள். போகப்போகப் பெரிய அகராதியிலேயே துல்லியம் 97 சதவீதத்தைத் தாண்டியது. கடைசியாக, நோய்க்கு முன்பு அவர் பேசிய பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து உருவாக்கிய குரலில் கணினி அந்த வாக்கியத்தை வாசித்தது. சொல்ல நினைத்த சொற்கள் முதன்முறையாகத் திரையில் சரியாக வந்தபோது அவர் அழுதுவிட்டார்.

அப்படியென்றால் மனதில் பேசுவது?

வாயை அசைக்க முயலாமல் மனதுக்குள்ளேயே பேசிக்கொண்டால் கருவி அதைப் பிடிக்குமா? 2025இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைத்தான் நான்கு பேரிடம் சோதித்தார்கள். மனப்பேச்சும் இயக்கப் புறணியில் தடம் விடுகிறது, பேச முயலும்போது வரும் அதே மாதிரியான வடிவம், ஆனால் மெலிதாக. மனதில் சொல்லச் சொல்லி அவர்கள் கொடுத்த வாக்கியங்களைப் பெரிய அகராதியோடு 74 சதவீதத் துல்லியம் வரை கணிக்க முடிந்தது. இன்னொன்றும் செய்தார்கள். திரையில் உள்ள இளஞ்சிவப்பு வட்டங்களை எண்ணச் சொன்னார்கள், மனதில் பேசும்படி சொல்லவில்லை. எண்ணும்போது மனதில் ஓடும் எண்களின் சாயல் பதிவில் தெரிந்தது.

ஆக, சொந்தக்காரர்களின் கேள்விக்குப் பதில், "முழுக்க இல்லை, ஆனால் சுவர் நாம் நினைத்த அளவுக்கு தடிமன் இல்லை." அந்த ஆய்வாளர்களே இரண்டு வழிகளைச் சோதித்தார்கள். மனப்பேச்சை ஒதுக்கிவிட்டு முயற்சிப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளக் கணினியைப் பழக்குவது ஒன்று. மனதில் ஒரு கடவுச்சொல்லைச் சொன்னால் மட்டுமே கருவி விழித்துக்கொள்வது இன்னொன்று. கடவுச்சொல்லை 98 சதவீதத்துக்கும் மேலான துல்லியத்தோடு கருவி கண்டுகொண்டது. காப்பு என்பது கருவியை விற்ற பிறகு ஒட்டவைக்கும் சமாசாரமாக இல்லாமல், வடிவமைக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி. சட்டமும் மெல்ல அசைகிறது. மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து வரும் தகவலையும் பாதுகாக்க, சிலி நாடு 2021இல் தன் அரசியலமைப்பையே திருத்தியது.

நினைவுகளைக் கணினியில் ஏற்றிவைக்கலாம், மொழியைத் தலைக்குள் இறக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழும். நியூராலிங்க் நிறுவனத்தின் கருவியில் 1,024 மின்முனைகள். மூளையில் 8,600 கோடி நியூரான்கள். நினைவு எந்த இணைப்புகளில் எப்படிப் பதிகிறது என்பதே இன்னும் திறந்த ஆராய்ச்சி. இதற்குமேல் அந்தப் பேச்சில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

என்னைத் தூங்கவிடாத விஷயம்

மூளை மிருதுவானது, சிலிக்கான் விறைப்பானது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் மூளை மண்டையோட்டுக்குள் லேசாக அசைகிறது. உள்ளே இருக்கும் ஊசியை அந்நியப் பொருளாகக் கருதித் துணைச் செல்கள் சுற்றிலும் தழும்பு கட்டுகின்றன, நாளடைவில் துடிப்புகள் மங்குகின்றன. 2024 ஜனவரியில் கருவி பொருத்திக்கொண்ட நியூராலிங்கின் முதல் பயனாளருக்கு, சில வாரங்களிலேயே மின்முனைகளைத் தாங்கிய பல இழைகள் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றியமைத்துத்தான் கட்டுப்பாட்டை மீட்டார்கள். மூளையைக் குத்தாமல், கழுத்தில் உள்ள ரத்தக்குழாய் (சிரை) வழியே மூளையின் ரத்தக்குழாய்க்குள் வலைக்குழாய் (ஸ்டென்ட்) போலச் செருகும் ஸ்டென்ட்ரோடு என்ற கருவியை சிங்க்ரான் நிறுவனம் சோதிக்கிறது. அதில் 16 மின்முனைகள்தான். பாதுகாப்பு கூடுகிறது, நுட்பம் குறைகிறது. இது பொறியாளர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டப்போகும் பேரம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது பொறியியல் சிக்கல் இல்லை. செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் பார்வையிழந்தவர்களுக்காக ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவியை விற்றது. 350 பேருக்கும் மேல் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது, அடுத்த ஆண்டு பணமில்லாமல் தள்ளாடியது. கருவி கண்ணுக்குள் இருக்கிறது, பழுதானால் பார்க்க ஆளில்லை. எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவந்தால் யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாத நிலை. உடம்புக்குள் வைக்கும் கருவிக்கு, வைத்தவர்கள் எத்தனை வருடம் பொறுப்பு? எனக்குத் தெரிந்து, இந்தக் கேள்விக்கு இன்னும் உறுதியான பதில் இல்லை.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஒலியை மின்துடிப்பாக்கி நேரே செவிநரம்புக்குக் கொடுக்கும் கருவி அது. நரம்போடு பேசும் கருவிகளில் உலகில் மிக அதிகம் பேர் பயன்படுத்துவது அதுதான். காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிப்பகுதிக்கு பேட்டரி, வயர், பழுதுபார்ப்பு என்று காலம் முழுக்கச் செலவு உண்டு. அந்தப் பெற்றோர்களிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், மூளைக் கருவிகளின் எதிர்காலம் எங்கே சிக்கப்போகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று மொழி. இன்றைய பேச்சுக் கருவிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்காகச் செய்தவை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குழு, ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் ஒருவருக்கு இரண்டையும் கணிக்கும் கருவியை 2024இல் காட்டியிருக்கிறது. எனவே வழி அடைபட்டதில்லை. ஆனால் தமிழுக்கு அந்த அகராதி முறையை அப்படியே எடுத்துவர முடியாது. "வந்துகிட்டிருந்தவங்களுக்கு" என்பது நமக்கு ஒரே சொல். ஒரு வினையிலிருந்து இப்படி ஆயிரக்கணக்கில் கிளைக்கும். அதோடு, படுக்கையில் இருப்பவர் வீட்டாரிடம் எழுத்துத் தமிழில் பேசப்போவதில்லை. திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலித் தமிழில்தான் தண்ணீர் கேட்பார். பேச்சுத் தமிழைப் புரிந்துகொள்ளும் மொழி மாதிரிகள் தேவை, அதற்குப் பேச்சுத் தமிழின் ஒலிப்பதிவுகள் ஏராளமாகத் தேவை. கணினியியல் படிக்கும் தம்பி தங்கைகள் "நரம்பியலில் எனக்கென்ன வேலை?" என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். அறுவைசிகிச்சை அறைக்குப் போகாமலே செய்யக்கூடிய வேலை இது.

எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. வீட்டில் யாருக்காவது ஏஎல்எஸ் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், பேச்சு தெளிவாக இருக்கும்போதே அவர் குரலைப் பதிவு செய்து வையுங்கள். சத்தமில்லாத அறையில் சாதாரண கைபேசி போதும். அவர் பேசுகிற வழக்கிலேயே, கதை, சமையல், ஊர்ப் பேச்சு, பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எதுவானாலும் சரி, நாளுக்குக் கொஞ்சம். கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். மூளைக் கருவி கிடைக்காமலே போனாலும், கண்ணசைவால் தட்டச்சு செய்யும் கருவியோடு அந்தக் குரலைச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்கள் இப்போதே இருக்கின்றன.